உறை போட்ட பாட்டில்: பிளைண்ட் டேஸ்டிங்கில் உங்களுக்கு நடந்தது என்ன?

இரண்டாம்கோப்பை

எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறு பேர், ஆறு சிவப்பு ஒயின், எல்லாவற்றுக்கும் காகித உறை, உறைமேல் எண். எது எந்த ஒயின் என்று தெரியாமல் குடித்துப் பார்த்து, எழுதி, இடம் கொடுக்க வேண்டும், கடைசியில்தான் உறையைப் பிரிப்போம். உறை போட்டது நான். அதாவது எந்த எண் எந்தப் பாட்டில் என்று எனக்கு மட்டும் தெரியும்.

எங்களுக்கு ஒயின் பற்றிச் சொல்லிக்கொடுத்தவரே எங்கள் கூட்டத்தில் மூத்தவர்தான். அண்ணா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கிளாஸை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து, துவர்ப்பு ஈறில் தெரிகிறதா நாக்கில் தெரிகிறதா என்று கவனிப்பதுவரை எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது. அன்றைக்கு அவர் கொண்டுவந்தது பன்னிரண்டு வருடம் படுக்கவைத்துப் பாதுகாத்த ஒரு போர்தோ, பிரான்ஸில் அந்தப் பெயருள்ள பகுதியின் ஒயின். நான் அதை நாலாம் எண்ணாக வைத்தேன்.

அவர் நாலாம் எண்ணை மோந்தார், ஒரு வாய் குடித்தார். "இது யாரோ அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை" என்றார். கடைசி இடம் கொடுத்தார். மற்றவர்களும் அவரைப் பார்த்துவிட்டு அதையே எழுதினார்கள்.

உறையைப் பிரித்தோம். யாரும் பேசவில்லை. அவர் அந்தக் காகிதத்தை எடுத்து, 4 என்ற எண் உள்பக்கம் போகும்படி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பாட்டிலில் மிச்சம் இருந்ததைத் தன் கிளாஸில் ஊற்றி, யாருக்கும் கொடுக்காமல் மெதுவாகக் குடித்து முடித்தார். மடித்த அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவர் பேசத் தொடங்கியபோதே நான் ஏதாவது சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மூன்றாவதாக நான் வைத்திருந்தது 15 சதவீத ஆல்கஹால் உள்ள, பழச்சாறு மாதிரி அடர்த்தியான இளம் ஒயின். அதற்குப் பின்னால் எந்தப் பழைய ஒயின் வந்தாலும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். வரிசை போட்டதும் நான்தான்.

மழைக்குருவி

உங்கள் அண்ணா தோற்றதாக நான் நினைக்கவில்லை. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வியாபாரி பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னியா ஒயினையும் பெயர் மறைத்து வைத்து நடத்திய போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் கணக்கில் வந்த ஒன்பது நடுவர்களும் பிரெஞ்சுக்காரர்கள், வாழ்நாள் முழுக்க ஒயினோடு இருந்தவர்கள். அவர்களே சிவப்பில் முதலிடம் கொடுத்தது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973க்கு. புகழ்பெற்ற போர்தோ ஒயினான மூட்டான் ரோத்சைல்ட் 1970 இரண்டாவதாக வந்தது. முடிவு தெரிந்ததும் ஒரு நடுவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டாராம். உங்கள் அண்ணா அப்படி எதுவும் கேட்கவில்லை, தன் ஒயினைத் தானே குடித்து முடித்தார். எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடுகிறது.

என் கதை சின்னது. கிளாஸைச் சாய்த்துப் பார்த்தேன், நிறம் வெளிறி இருந்தது, ஓரத்தில் செங்கல் நிறம். வாயில் வைக்கும் முன்பே "பினோ நுவார், பந்தயம் கட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். பிறகு குடித்தேன். துவர்ப்பு இரண்டு கன்னத்தையும் உள்ளே இழுத்துப் பிடித்தது. பினோ அப்படி இழுக்காது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. அது நெபியோலோ என்ற வேறு திராட்சை. வெளிறிய நிறம், கடும் துவர்ப்பு, நல்ல புளிப்பு, மூன்றும் சேர்ந்து வந்தால் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். தவறாகச் சொன்னதில் வருத்தமில்லை. நாக்கு சொன்னதைக் கேட்காமல் வாயால் சொன்னதையே பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

வெறும்மூக்கு

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

காய்ச்சல் வந்து போன பிறகு எனக்கு வாசனை போய்விட்டது. முழுசாகப் போய்விட்டது. திரும்பிவிடும் என்று நினைத்துக்கொண்டு நண்பர்களிடம் சொல்லாமல் இருந்தேன், வழக்கமான டேஸ்டிங்குக்கும் போனேன்.

மூக்கு இல்லாமல் சிவப்பு ஒயின் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புளிப்பு இருக்கும், கசப்பு இருக்கும், துவர்ப்பு இருக்கும், தொண்டையில் ஆல்கஹாலின் சூடு இருக்கும். செர்ரி, பதனிட்ட தோல், புகை என்று நாம் சொல்லும் எல்லாம் வாயிலிருந்து பின்வழியாக மூக்குக்குப் போய்த்தான் நமக்குத் தெரிகிறது. அந்த வழி அடைத்துவிட்டால் ஐந்து கிளாஸும் ஒரே புளித்தண்ணீர்தான், துவர்ப்பில் மட்டும் கூடுதல் குறைச்சல்.

மூன்றாம் கிளாஸை மோந்துவிட்டு என் தோழி தயங்கித் தயங்கி "மிளகு மாதிரி இருக்கிறதா, இல்லை எனக்கு மட்டும்தானா?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் மூக்கு நன்றாக வேலை செய்யும் ஆள் என்று எனக்கு ஒரு பெயர். "ஆமாம், மிளகுதான், தெளிவாக இருக்கிறது" என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. அவள் சொன்னது சரி, அது சிரா என்ற திராட்சையின் ஒயின். அன்று முழுக்க அவள் "நீ சொன்ன பிறகுதான் எனக்கே நம்பிக்கை வந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாசனை ஏழெட்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் தானாகக் கண்டுபிடித்த ஒன்றில் பாதியை நான் எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

மழைக்குருவி

வெறும்மூக்கு, ஒன்று சொல்கிறேன். சிராவின் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள். காரணம் அதுதான் என்று 2008ல்தான் கண்டுபிடித்தார்கள். மிளகிலும் இருப்பது அதேதான். அந்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு அளவு மிக அதிகமாக இருந்தபோதும் அது தெரியவே இல்லை. மூக்கு நன்றாக இருப்பவர்களுக்கே இப்படி. அன்றைக்கு உங்கள் மூக்கு நன்றாகவே இருந்திருந்தாலும் தெரியாமல் போயிருக்கலாம். தோழியிடம் சொல்லிவிடுங்கள், அவள் தனியாகவே சரியாகச் சொன்னாள் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவாள்.

ஊதாநிழல்

நான் செய்ததையும் எழுதுகிறேன். திட்டுவீர்கள் என்று தெரியும்.

ஐந்து கிளாஸில் இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் ஒரே பாட்டில் ஒயினை ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தோழி இரண்டாவதற்கு "மெலிந்தது, அவசரமாக முடிகிறது" என்று எழுதினாள். ஐந்தாவதற்கு "இன்றைக்கு இதுதான்" என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

உண்மையைச் சொன்னேன். மற்றவர்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இரண்டு கிளாஸையும் விளக்குக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இதை மோந்தாள், அதை மோந்தாள், திரும்ப இதை. ஒரு நிமிடமாவது இருக்கும். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் வேறாகத்தான் இருக்கிறது" என்றாள்.

அந்த நேரத்தில் அது பிடிவாதம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இரண்டாவது கிளாஸ் முக்கால் மணி நேரம் காற்றில் இருந்தது. ஐந்தாவது அப்போதுதான் ஊற்றியது, பாட்டிலில் கடைசியாக இருந்தது. அவள் உண்மையிலேயே இருந்த வித்தியாசத்தைத்தான் சொன்னாளோ?

தராசுமுள்

ஊதாநிழல், இரண்டும் வேறாக இருந்திருக்கலாம் என்பது சரி. ஆனால் செய்தது சரியில்லை. சொல்லாமல் வைக்கும் பொறி நண்பர்களுக்குள் வேண்டாம்.

2001ல் வெளிவந்த ஒரு போர்தோ ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும். ஒயின் படிப்பு படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்பு நிறம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். இதைச் சொல்லி "பார், எல்லாம் ஏமாற்று" என்று சிரிப்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணில் பட்டதை மூளை மணத்தோடு கலந்துதான் கொடுக்கிறது, அந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை. 2008ல் வந்த இன்னொரு ஆய்வில் ஒரே ஒயினை 10 டாலர், 90 டாலர் என்று சொல்லிக் கொடுத்தபோது, அதிக விலை கேட்டதும் மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதியே கூடுதலாக வேலை செய்தது. பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது.

என் அனுபவம் இரண்டு வரிதான். உறை போட்ட பாட்டிலின் கழுத்தில் தகரத் தாள் கொஞ்சம் தெரிந்தது, அதை வைத்து ஒயினைச் சொல்லிவிட்டேன், எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நான் தகுதியில்லாதவன். அதிலிருந்து ஏற்பாட்டை நானே பார்த்துக்கொள்கிறேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

தகரத் தாளை முழுசாக உரித்துவிடுங்கள். உறை மட்டும் போதாது, பாட்டிலின் உருவமே காட்டிக்கொடுக்கும். தோள் நிமிர்ந்து இருந்தால் போர்தோ வகை, சரிந்து இறங்கினால் பர்கண்டி வகை என்று எல்லோருக்கும் தெரியும். முடிந்தால் ஒரே மாதிரியான வெறும் பாட்டில்களில் ஊற்றிவிடுங்கள். பழைய ஒயினை மட்டும் அப்படி மாற்ற வேண்டாம், காற்றுப் பட்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும், அடியில் வண்டலும் இருக்கும். அதை உறையோடேயே விடுங்கள்.

ஒருவர் உறை போடட்டும், இன்னொருவர் அதைப் பார்க்காமல் எண் போடட்டும். அப்போது யாருக்குமே முழுதாகத் தெரியாது. முதல் பதிவு எழுதியவர் சுமந்துகொண்டிருக்கும் பாரம் அதனால்தான் வந்தது, எல்லாம் தெரிந்தவர் ஒருவரே இருந்தார். வரிசை மெல்லியதிலிருந்து அடர்த்தியானதுக்குப் போகட்டும். பழையது இளையதுக்கு முன்னால் வருவதே நல்லது.

ஆளுக்கு 50 மில்லி போதும். 750 மில்லி பாட்டில் ஒன்றில் பதினைந்து பேருக்கு வரும். ஆறு ஒயினுக்கு மேல் வேண்டாம், துவர்ப்பு சேர்ந்து சேர்ந்து நாக்கு மரத்துப்போகும். உமிழ்நீரில் உள்ள புரதத்தை, துவர்ப்பைத் தரும் டானின் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறண்டுபோகிறது. அது மறுபடி ஊற நேரம் வேண்டும். துப்புவதற்கு ஆளுக்கொரு குவளை வையுங்கள், துப்புவது அவமரியாதை இல்லை. ஒயின் 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும். சூடு ஏறினால் ஆல்கஹால் மட்டும்தான் முன்னால் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அண்ணாவின் கதையில் மற்றவர்கள் அவர் பேச்சைக் குடித்தார்கள், ஒயினைக் குடிக்கவில்லை. வெறும்மூக்கு சொன்ன மிளகும் அதே கதைதான்.

ஒரே ஒயினை இரண்டு முறை வைக்கத்தான் வேண்டும் என்றால் முன்பே சொல்லி வையுங்கள். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு ஒயின், எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வரும், அதனால் நாலைந்து சுற்று நடத்துங்கள். அதில் யாருக்கும் முகம் சுண்டாது.

ஊதாநிழல்

தராசுமுள், ஒப்புக்கொள்கிறேன். அவளிடம் மன்னிப்பு கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "கிளாஸை மறுபடி ஊற்று, பார்க்கலாம்" என்றாள். பாட்டில் காலி.

ஓரத்துநாற்காலி

நான் குடிப்பதில்லை. நண்பர்களோடு உட்கார்ந்திருப்பேன், ஊற்றிக்கொடுப்பது என் வேலை.

ஒருமுறை ஊற்றும்போது ஒரு பாட்டிலிலிருந்து மழையில் நனைந்து பூத்துப்போன அட்டைப்பெட்டி வாசனை வந்தது. சொன்னேன். "பழைய ஒயின் அப்படித்தான் இருக்கும், அது மண் வாசனை" என்று ஒருவர் சொன்னார். பத்து நிமிடம் அந்த மண்ணைப் பற்றியே பேசினார்கள். குடிக்காதவனுக்கு என்ன தெரியும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அதே ஒயின், அதே ஆண்டு, வேறு பாட்டில் திறந்தார்கள். அட்டை இல்லை, மண்ணும் இல்லை. கறுப்புத் திராட்சையும் பிளம்ஸும் அறை முழுக்க நிறைந்தது. மண் என்று சொன்னவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அது ட்ரைகுளோரோஅனிசோல், டிசிஏ என்பார்கள். கார்க்கிலிருந்து வருவது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழ மணத்தை அமுக்கிவிடும். லேசாக இருந்தால் அட்டை வாசனைகூட வராது, ஒயின் வெறுமையாகத் தெரியும், அவ்வளவுதான். மூக்கு அதற்குச் சீக்கிரம் பழகியும்விடும், அதனால் முதல் மோப்பத்தை நம்புங்கள்.

இரண்டாம்கோப்பை, உங்கள் அண்ணா "உள்ளே ஒன்றுமே இல்லை" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் வந்து நின்றுவிட்டேன்.

இரண்டாம்கோப்பை

மேலே உள்ளதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். நேற்று அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

முதலில் அவர் கேட்டது, "அது என்னுடையது என்று உனக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும் அண்ணா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஓரத்துநாற்காலி எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார்.

"நான் அதைக் கடைசிவரை குடித்தேனே, நேரம் ஆக ஆக மணம் எழுந்து வருகிறதா என்று பார்க்கத்தான் குடித்தேன். வரவில்லை" என்றார். அப்புறம், "திறந்தது நீதானே? கார்க்கை எங்கே போட்டாய்?"

ஓரத்துநாற்காலி

அவரிடம் அதே ஆண்டில் இன்னொரு பாட்டில் இருக்கிறதா?

இரண்டாம்கோப்பை

ஒன்று இருக்கிறது. உறை போட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்கிறார். எண் மட்டும் நான் போடக்கூடாதாம்.