லாம்பிக் பீர் குடித்த அனுபவம்: முதல் மடக்கில் முகம் சுளித்தவர்களும் வரலாம்

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் ஈஸ்ட் போடாமல் தானாக நொதிக்கவிடும் புளிப்பு பீர்தான் லாம்பிக். அதை முதல்முறை குடிக்கப் போகிறவர்களிடம், "செர்ரி போட்ட இனிப்பான கிரீக்கில் ஆரம்பியுங்கள், போகப்போகப் பழகிவிடும்" என்று சொல்லி அனுப்புவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இனிப்பைக் கலந்து குடித்தால் பழரச சோடா குடித்த திருப்திதான் மிஞ்சும். என் கட்சி நேர் எதிர். பீப்பாயிலிருந்து எடுத்த, நுரையே இல்லாத வெறும் லாம்பிக்கை முதலில் குடியுங்கள்.

நான் அதைக் குடித்தது பிரஸ்ஸல்ஸில், ஆண்டர்லெக்ட் பகுதியில் உள்ள கான்டியோன் ஆலையில். மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1900இல் தொடங்கிய குடும்ப ஆலை. 1978இல் அதையே கூஸ் (லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைக்கும் பீர்) அருங்காட்சியகமாகவும் ஆக்கிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சாமான்களை அடுக்கி வைத்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை நடக்கும் ஆலைக்குள்ளேயே நம்மைச் சுற்றவிடுகிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது மேல்தளத்தில்தான். கூரைக்கு அடியில் ஒரு செம்புத் தொட்டி அறையையே அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஆழம் குறைவு, பரப்பு அதிகம். கொதிக்கக் கொதிக்கத் தானியச் சாற்றை அதில் ஊற்றி, காற்று வரத் திறந்துவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட் என்று தனியாக யாரும் எதையும் போடுவதில்லை. காற்றில் வருவது வந்து விழட்டும் என்று விட்டுவிடுவதுதான் முறை. அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும் என்பதால் ஏறத்தாழ அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் காய்ச்சுகிறார்கள். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும்.

கீழே பீப்பாய் வரிசைகளுக்கு இடையே சிலந்தி வலைகள். அவற்றை யாரும் கலைப்பதில்லை. பழ வாசனைக்கு வரும் ஈக்களைப் பிடிக்க அவைதான் காவல். வீட்டில் ஒட்டடை அடிக்கச் சொன்னபோது இந்த வாதத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை.

சரி, ருசிக்கு வருகிறேன். முதலில் ஊற்றித் தந்தது கலக்காத இளம் லாம்பிக். மங்கிய பொன்னிறம், குமிழி கிடையாது. மரப்பீப்பாயில் வாயு தங்காமல் போய்விடுவதால் அப்படித்தான் இருக்குமாம். முதல் மடக்கில் கன்னத்தின் உட்புறம் இழுத்துக்கொண்டது. முதலில் பச்சை ஆப்பிள் தோலின் புளிப்பு, அப்புறம் ஈர வைக்கோல் வாசம், கடைசியில் நாக்கின் ஓரத்தில் மரத்தின் துவர்ப்பு. கசப்பைத் தேடினாலும் கிடைக்கவில்லை. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவை நிறையவே போடுகிறார்கள், ஆனால் இரண்டு மூன்று வருஷம் பழசானது. கசப்பு பெரும்பாலும் போய், பீர் கெடாமல் காக்கும் குணம் மட்டும் அதில் மிஞ்சியிருக்கும்.

அடுத்து கூஸ். ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் கிடந்த லாம்பிக்குகளைக் கலந்து, கனமான பாட்டிலில் கார்க் போட்டு அடைத்தது. இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்துக் குமிழியைக் கொடுக்கிறது, பழசு மணத்தைக் கொடுக்கிறது. வெறும் லாம்பிக்கைக் குடித்த நாக்கோடு இதைக் குடித்ததால் எது எதிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. நேராகக் கூஸிலேயே தொடங்கியிருந்தால் "புளிப்பு ஷாம்பெயின்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

கிரீக் கடைசியில் வந்தது. லிட்டருக்குச் சுமார் 200 கிராம் புளிப்புச் செர்ரி, கொட்டையோடு ஊறியது. நிறம் ரத்தச் சிவப்பு, இனிப்பு மருந்துக்கும் இல்லை. கொட்டையிலிருந்து லேசாகப் பாதாம் வாசம் வந்தது. மூன்றில் எனக்குப் பிடித்தது கூஸ்தான்.

* * *

மேலே அண்ணா எழுதியதைப் படித்தேன், நானும் சேர்ந்துகொள்கிறேன். பெல்ஜியத்தின் லூவென் நகரில் நுண்ணுயிரியல் படித்த காலத்தில் தோழிகளோடு "டூர் தெ கூஸ்" போயிருக்கிறேன். லாம்பிக் ஆலைகளும் கலப்பவர்களும் சேர்ந்து நடத்தும் ஹோரல் என்ற சங்கம் 1997இல் தொடங்கியது. அவர்கள் நடத்தும் இந்த டூர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும். ஆலைகள் கதவைத் திறந்துவிடும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பஸ்ஸில் போகலாம். பிரஸ்ஸல்ஸுக்குத் தென்மேற்கே பாயோட்டன்லாண்ட், சென்ன ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று முழுக்க வயல்காடு.

அங்கே ஓர் ஆலையில் பீப்பாயைப் பார்த்துக்கொள்பவர், "இதைப் படிக்கிற பிள்ளைதானே நீ, இங்கே வா" என்று கூப்பிட்டு ஒரு பீப்பாயிலிருந்து கொஞ்சம் பிடித்துக் காட்டினார். கெட்டியாக நூல் இழுத்தபடி விழுந்தது. வாயில் வைத்தால் வழுவழுவென்று ஒட்டுகிறது. உண்மையில் குமட்டியது. அவர் சிரித்துக்கொண்டே, "இன்னும் சில மாதம் போகட்டும், சரியாகிவிடும்" என்றார்.

பாடத்தில் படித்ததுதான். முதல் சில வாரம் குடல் வகைப் பாக்டீரியாக்கள் ஆட்டம் போட்டு அடங்கும். பிறகு வழக்கமான ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்கும். வெயில் ஏறியதும் பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா கிளம்பி லாக்டிக் அமிலத்தையும், சில சமயம் இந்தக் கொழகொழப்பையும் உண்டாக்கும். அதைத் தின்று தெளியவைப்பது பிரெட்டனோமைசிஸ் என்ற இன்னொரு ஈஸ்ட். நீங்கள் சொன்ன ஈர வைக்கோல் வாசமும் அதன் கைவரிசைதான். 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் கிளாசன் என்ற ஆய்வாளர் அதைப் பற்றி அறிவித்தது இங்கிலாந்து பீரை வைத்து. ஆனால் லாம்பிக்கில் வாழும் இனத்துக்கு பிரஸ்ஸல்ஸின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஒரு சின்னத் திருத்தம், அண்ணா. எல்லாமே அந்த ராத்திரிக் காற்றில் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. பீப்பாய் மரத்துக்குள்ளேயே குடியிருப்பவைக்கும் பெரிய பங்கு உண்டு. புத்தம்புது பீப்பாயில் அதே சாற்றை ஊற்றினால் அதே ருசி வராது.

* * *

இருவரும் கோபிக்காதீர்கள், எனக்கு இது ஒத்துவரவில்லை. பனங்கள் குடித்து வளர்ந்தவன் நான். அதிலும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காலையில் இறக்கியதை அன்றே குடித்தால்தான் சுகம், மறுநாள் புளித்ததைச் சீண்டமாட்டோம். இந்த ஊரில் அந்தப் புளிப்புக்காக மூன்று வருஷம் காத்திருக்கிறார்கள்!

பிரஸ்ஸல்ஸின் நடுச் சதுக்கமான கிராண்ட் பிளாஸ் பக்கத்துச் சந்துக்குள் லா பெகாஸ் என்று 1877இலிருந்து இருக்கும் கடைக்கு அலுவலக நண்பர் கூட்டிப்போனார். இனிப்பு சேர்த்த வெள்ளை லாம்பிக்கை மண் ஜாடியில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். மேலே வெள்ளைப் பாலாடைக்கட்டி தடவி, முள்ளங்கித் துண்டும் வெங்காயத் தாளும் வைத்த ரொட்டி. நன்றாகவே இருந்தது, இரண்டு ஜாடி காலி. அந்த தைரியத்தில் வேறொரு கடையில் இனிப்பில்லாத கூஸை வாங்கினேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை, ராத்திரி நெஞ்செரிச்சல் வேறு. நீங்கள் "பழரச சோடா" என்று இளப்பமாகச் சொன்ன கட்சியில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். நெஞ்செரிச்சல்காரருக்கு: வெறும் வயிற்றில் கூஸ் குடித்தால் அப்படித்தான். நீங்கள் சாப்பிட்ட அந்த ரொட்டியை கூஸோடு சாப்பிட்டிருக்க வேண்டும். பாலாடைக்கட்டியின் கொழுப்பு புளிப்பை மட்டுப்படுத்திவிடும். அந்த ஊர்க்காரர்கள் கூஸோடும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். இனிப்புப் பிரியர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். தம்ளரில் சர்க்கரைக் கட்டியைப் போட்டு நசுக்கிக் கரைக்கத் தனியாக ஒரு உலோகக் குச்சியே கடைகளில் வைத்திருந்தார்கள். லாம்பிக்கில் சர்க்கரை சேர்த்து விற்கும் ஃபாரோ என்ற வகை இன்னும் கிடைக்கிறது. உங்களுக்கு அது பொருந்தலாம்.

தங்கைக்கு: பீப்பாய் விஷயம் நீங்கள் சொன்னதுதான் சரி. அடுத்த டூர் எப்போது என்று தெரிந்தால் இங்கேயே போடுங்கள், நானும் வருகிறேன்.

கடையில் வாங்க நினைப்பவர்கள் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். கூஸ், கிரீக் என்று மட்டும் போட்டிருந்தால் இனிப்புச் சேர்த்ததாக இருக்க வாய்ப்பு உண்டு. அதற்கு முன்னால் டச்சில் "அவ்த" அல்லது பிரெஞ்சில் "வியே" என்று இருந்தால், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பழைய முறையில் செய்தது. கலப்பில் சேர்ந்த மிகப் பழைய லாம்பிக்குக்குக் குறைந்தது மூன்று வயது இருக்கும். பாட்டிலின் அடியில் வண்டல் படிந்திருக்கும், ஆட்டாமல் ஊற்றுங்கள். ஐஸ் போல் குளிரவைத்தால் வாசம் எழும்பாது, 12 டிகிரி பக்கம் இருந்தால் போதும்.