பிரெஞ்சு தெரிந்த காரைக்கால் சொந்தங்களே, ஒரு சின்ன உதவி

எல்லோருக்கும் வணக்கம். நான் நிரவிக்காரன். 1962-ல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, எங்கள் சின்னத் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய கொள்ளுப்பேத்தி, எட்டு வயசு, பொங்கலுக்கு வருகிறாள். தமிழ் சுத்தமாக வராது.

போன வாரம் வீடியோ காலில் "தூ பார்ல் ஃப்ரான்சே?" என்றாள். பிரெஞ்சு பேசுவியா என்கிறாள், அது புரிந்தது. நானும் வாய் சும்மா இருக்காமல் "வீ, வீ" என்று தலையாட்டிவிட்டேன். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டாள். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பக்கத்தில் என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை விடுங்கள்.

கைவசம் இருப்பது "ஜெ பார்ல் தமூல்" (தமிழ் பேசுவேன்), அப்புறம் "அன் பெ" (கொஞ்சம்). பிரெஞ்சு பேச வராது என்பதற்குப் புத்தகத்தில் "ஜெ ந பார்ல் பா ஃப்ரான்சே" என்று இருக்கிறது. ஆனால் அவள் அப்பா, எனக்குத் தம்பி முறை, நடுவில் அந்த "ந"வை விழுங்கிவிட்டு "ஜெ பார்ல் பா" என்கிறான். நான் எதைப் பழகுவது?

குழந்தையை "தூ" என்பது நம்ம "நீ" மாதிரி, சரி. அவளுடைய அம்மா பிரெஞ்சுக்காரி. அவரிடம் "வூ பார்லே ஆங்லே?" (ஆங்கிலம் பேசுவீங்களா) என்று மரியாதையாகவே கேட்கட்டுமா, உறவுதானே என்று "தூ" போடலாமா?

"கொஞ்சம் மெதுவாகப் பேசும்மா" என்பதை யாராவது குரல் பதிவாக அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும். அந்தத் தொண்டை "ர" எனக்குக் காறித் துப்புகிற மாதிரியே வருகிறது.