ரெண்டு இலை, ஒரு மொட்டு

குழு: கொளப்பள்ளி வீடு

பிரவீன்: வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 நிரப்பிக்கொண்டிருக்கிறேன். எந்த முகவரி போடட்டும்? கோவை ஹாஸ்டலா, வீடா?

அப்பா: வீடுதான். இதற்கெல்லாம் ஒரு கேள்வியா?

பிரவீன்: சரி. அப்புறம் ஒன்று படித்தேன். அமெரிக்காவில் பல வருட அதிபர் தேர்தல் கருத்துக்கணிப்புகளை எடுத்து, பிறந்த ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 14 முதல் 24 வயதுக்குள் நாட்டில் நடப்பதுதான் மனதில் அதிகம் ஒட்டுமாம். 18 வயதில் பார்த்தது, 40 வயதில் பார்த்ததைவிட மூன்று மடங்கு இழுக்குமாம், கடைசிவரை.

அப்பா: மூன்று மடங்கு என்று எப்படி நிறுத்தார்கள்? கொழுந்தா, தராசில் போட?

மலர் அத்தை: அண்ணே, உன்னையே நிறுத்துப் பார்க்கலாம். உனக்கு 18 வயதில் என்ன தேர்தல்?

அப்பா: 1996. மூப்பனார் கட்சியின் சைக்கிளில் குத்தினேன். தோட்டத்து லைன் வீடுகள் முழுக்க ஒரே பேச்சு அதுதான். அன்றிலிருந்து இலைக்குப் போட்டதில்லை. அம்மா மூன்று நாள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை.

மலர் அத்தை: எனக்கும் அதே வீடு, அதே தேத்தண்ணி. ஆனால் எனக்கு 2003 ஜூலைதான். பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். வேலைநிறுத்தம் செய்த 1,70,000 அரசு ஊழியர், ஆசிரியர்களை மொத்தமாக வேலைநீக்கம் செய்தார்கள். எனக்குப் பாடம் நடத்திய டீச்சரும் அதில் ஒருவர். அன்றிலிருந்து எந்தக் கட்சி அறிக்கையிலும் பென்ஷன் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறேன். கட்சி மாறியிருக்கிறேன், அந்தப் பக்கம் மாறவில்லை.

மாமா: அமெரிக்கக் கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும்? அங்கே இரண்டே கட்சி. நீலகிரி எம்.பி. தேர்தலில் இலை கூட்டணியில் 1984-லும் 1991-லும் கை நின்றது, 1998-ல் தாமரை. இலைக்காரர் எதில் குத்துவார்?

அப்பா: அதை எங்கள் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

மலர் அத்தை: அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், நீளமாகக் குரல் பதிவு போட்டிருக்கிறார். பந்தலூர் சிக்னலில் உங்களுக்குத் திறக்காது, டைப் செய்கிறேன்:

"1973 மே மாதம், எனக்கு 18 வயது. தலைமன்னார் போகும் ரயிலை அழுகைக் கோச்சி என்போம், அதில் ஏறியதிலிருந்து அழுகை நிற்கவில்லை. கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப், அங்கிருந்து ரயில். திண்டுக்கல்லில் வண்டி நின்றபோது எட்டிப் பார்த்தேன். சுவர் முழுக்கப் பச்சையாக ரெண்டு ரெண்டு இலை. ஐயோ, நம் தேயிலையை இங்கே யார் வரைந்தது என்று நினைத்தேன். மொட்டை மட்டும் விட்டுவிட்டார்களே என்று அப்பாவிடம் சொன்னேன். இடைத்தேர்தலாம், எம்.ஜி.ஆர். கட்சிச் சின்னமாம், எதிரே உட்கார்ந்திருந்தவர் சொன்னார். அவரும் கண்டியில் பிறந்தவர்தானே என்றார் அப்பா. இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த முதல் முகம் அந்த இலைதான்."

பிரவீன்: அப்பாயி, 1973-லேயே முடிவு செய்துவிட்டீர்களா!

மலர் அத்தை: இன்னும் இருக்கிறது, பொறு:

"ஓட்டு வந்தது 1977-ல். அப்போது 21 வயது ஆகவேண்டும். உங்கள் பாட்டனார், என் அப்பா, 1947-ல் சிலோனில் ஒரு தடவை ஓட்டுப் போட்டவர். அப்புறம் சட்டம் போட்டு நம் ஆட்களின் குடியுரிமையை எடுத்தார்கள், ஓட்டும் போனது. 1964-ல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் பிரித்தார்கள். நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஓட்டு போட அவருக்கு முப்பது வருஷம் ஆனது. கப்பலில் போட்டு வந்த கோட்டையே போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். நான் அவர் பின்னால், செல்வம் வயிற்றில்."

அப்பா: அப்படியானால் நான் இலைக்கு ஒரு தடவை போட்டிருக்கிறேன் 😄

மாமா: அத்தை, 1989-ல் என்ன செய்தீர்கள்? இலையை முடக்கி, ஒரு பக்கம் சேவல், ஒரு பக்கம் இரட்டைப் புறா என்றார்களே.

மலர் அத்தை: கேட்டுவிட்டேன். "கூட்டணி என்றால் இலை கைகாட்டிய இடத்தில் குத்துவேன். அந்த வருஷம் சீட்டை விரித்துப் பார்த்தேன், இலை இல்லை. மடித்து அப்படியே பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்" என்கிறார். இதை 37 வருஷமாக எங்களிடம் சொல்லவே இல்லை!

பிரவீன்: பாட்டனார் 1977-ல் யாருக்குப் போட்டார், அப்பாயி?

மலர் அத்தை: "கேட்டேன். முப்பது வருஷம் கழித்துக் கிடைத்ததை உன்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்றார். சாகும்வரை சொல்லவில்லை."

பிரவீன்: என் 18 வயதில் என்ன ஒட்டியது என்று எனக்கே தெரியவில்லை. ரீல்ஸ்தான் ஞாபகம் வருகிறது.

அப்பா: அது 40 வயதில் தெரியும். முதலில் போட்டோவை ஏற்று.

மலர் அத்தை: அம்மா கடைசியாக ஒன்று சொல்கிறார்: "டேய் பிரவீனு, கோயம்புத்தூரில் பேர் போட்டுவிடாதே. இங்கே வந்து போட்டால்தான் முழுப் பேர். அங்கே போட்டால் அரைப் பேர்தான்." தோட்டத்துக் கணக்கு: முழுநாள் கூலி முழுப் பேர், அரைநாள் கூலி அரைப் பேர்.

பிரவீன்: கொளப்பள்ளி என்றே போட்டுவிட்டேன் அப்பாயி. ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன்.