ஒலிகோடென்ட்ரோசைட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறை சிதையும் நோய்) நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பத்தியில் சிக்கிக்கொண்டேன். நரம்புக் குருத்தணு (நரம்பு மண்டலத்தின் மூல உயிரணு) முதலில் முன்னோடி அணுவாகிறது. அது முதிர்ந்து ஒலிகோடென்ட்ரோசைட் ஆகி, நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு மிகுந்த உறையைப் போடுகிறது. ஒலிகோடென்ட்ரோசைட் என்றால் கிரேக்கத்தில் 'சில கிளைகள் கொண்ட அணு'; அதனால் 'சிற்கிளையணு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

---

அம்மா, முதலில் புணர்ச்சியைப் பாருங்கள். 'சில' தன் முன் தானே வந்தால்தான் லகரம் றகரமாகும்: சிற்சில. பிற சொல் வந்தால் அகரம் மட்டும் கெடலாம் என்கிறது நன்னூல். ஆகவே சில்கிளையணு. அப்புறம், மயலின் எதற்கு? கிரேக்கத்தில் எலும்பின் உள்ளீட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1854இல் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ எடுத்த பெயர் அது. நம் 'மூளை'க்கும் அந்தப் பொருள் உண்டு; கன்னடத்தில் மூளெ என்றால் எலும்பே! ஆனால் 'மூளையுறை' மூளையைச் சுற்றியுள்ள சவ்வைச் சுட்டிவிடும். கொழுப்புக்கு 'நிணம்' என்ற பழந்தமிழ்ச் சொல் இருக்கிறதே. நிணவுறை என்போம்.

---

ஐயா, புணர்ச்சியை ஏற்கிறேன். நிணவுறை வேண்டாம். நிணநீர் என்றால் லிம்ஃப் என்று பிள்ளைகள் படித்தாயிற்று. நிணவுறை என்றதும் அங்கேதான் போவார்கள். தவிர, எலும்பின் உள்ளீடு உள்ளே இருப்பது, மயலின் வெளியே இருப்பது. விர்ச்சோ அகக்காழுக்கு உரிய பெயரைப் புறக்காழுக்கு வைத்துவிட்டார்.

சில்கிளையிலும் இதே சிக்கல். 1921இல் ஸ்பானிய ஆய்வாளர் ரியோ ஓர்டேகா வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்தபோது கிளைகள் குறைவாகத் தெரிந்தன. ஆனால் முதிர்ந்த அணு ஒன்றே ஐம்பது துண்டுகள் வரை உறை போடும். வகுப்பில் நான் பென்சிலில் பாலித்தீன் தாளைச் சுற்றிக் காட்டுவேன். இறுக்க இறுக்க, இடையில் இருக்கும் காற்று வெளியேறும். இந்த அணுவின் கையும் அப்படித்தான்: நுனி தட்டையாக விரிந்து நரம்பிழையைத் திரும்பத் திரும்பச் சுற்றும், உள்ளிருக்கும் சாறு பிழியப்பட்டுச் சவ்வு மட்டும் அடுக்கடுக்காக நிற்கும். கிரேக்கர் சொல்லை எதற்குப் பெயர்க்க வேண்டும்? செய்யும் வேலையைச் சொல்லுவோம்: உறையணு. அதற்கு முந்திய நிலை, முன்னோடி உறையணு.

---

நன்றி. இன்னும் மூன்று பேர் தனிமடலில் உறையணுவையே ஆதரித்தார்கள். 'மயலின் உறையணு' என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ஒலிகோடென்ட்ரோசைட் என்பதும் பக்கத்தில் இருக்கும். நோயாளி மருத்துவரிடம் கேட்கப்போவது அந்தச் சொல்லைத்தானே.

---

போடுங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஷ்வான் அணுவும் மயலின் உறைதான் போடுகிறது, ஒன்றுக்கு ஒரு துண்டு என்று. அதுவும் உறையணுதானே? இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? என் வாக்கு சில்கிளையணுவுக்கே.