மறு: மறு: 'ஃப்ரண்ட் ஆபீஸ்' – பனி ஹாக்கிக்கு ஒரு சொல் வேண்டும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் (என்எச்எல்) அணிகளை நடத்தியவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தமிழில் எழுதி வருகிறோம். ஆடியவர்களைப் பற்றி எழுதச் சிக்கல் இல்லை. ஆட்டத்தை விட்டபின் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு அணியை உருவாக்குகிறவர்களைப் பற்றி எழுதும்போதுதான், அவர்களின் பிரிவைக் குறிக்கும் 'ஃப்ரண்ட் ஆபீஸ்' என்ற ஆங்கிலச் சொல் வந்து குறுக்கே நிற்கிறது.

> 'முன்னலுவலகம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிது, நேர்ப்பொருள்.

வேண்டாம் ஐயா. நம் ஊரில் ஃப்ரண்ட் ஆபீஸ் என்றால் ஓட்டல் வரவேற்பு மேசை. லூ லாமொரியெல்லோ 1987இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் முன்னலுவலகத்தில் சேர்ந்தார் என்று எழுதினால், அறைச் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போனார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அவர் போனது அணியின் தலைவராக. அதற்கு முன் கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுத்தவர், பிறகு அந்தக் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர். என்எச்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. பருவம் தொடங்கும் முன் தன்னையே பொது மேலாளராகவும் (ஜெனரல் மேனேஜர், சுருக்கமாக ஜிஎம்; ஆட்களை எடுப்பதும் விடுவதும் அவர் பாடு) நியமித்துக்கொண்டார். 1995, 2000, 2003 என்று மூன்று ஸ்டான்லி கோப்பைகள் (என்எச்எல்லை வெல்லும் அணிக்குக் கொடுப்பது). 2007 ஏப்ரலில், பருவம் முடிய மூன்றே ஆட்டம் இருக்கும்போது பயிற்றுநரை நீக்கிவிட்டு, தானே போய்ப் பயிற்றுநராகப் பெஞ்சுக்குப் பின்னால் நின்றார். இந்த மனிதரை வரவேற்பறையில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

> 'அணி நிர்வாகம்' என்று நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

இந்த இழையில் வந்த மறுப்புகளில் இதுதான் வலுவானது. ஆனால் கிரிக்கெட்டில் 'அணி நிர்வாகம் அஸ்வினை உட்கார வைத்தது' என்று எழுதும்போது யாரைச் சொல்கிறார்கள்? பயிற்றுநரையும் கேப்டனையும். அன்றைய பதினொரு பேரை முடிவு செய்கிறவர்களை. ஹாக்கியில் நாம் பெயர் தேடுகிற கூட்டத்தில் பயிற்றுநர் கிடையாது. அவரை வேலைக்கு எடுப்பதும் அனுப்புவதும் இந்தக் கூட்டம்தான். இன்று இரவு யார் ஆடுவது என்பது பயிற்றுநர் பாடு. மூன்று வருடம் கழித்து யார் இருப்பார்கள் என்பது இவர்கள் பாடு. அப்புறம், 'நிர்வாகம்' என்றால் டிக்கெட் விற்பவர், விளம்பரம் பிடிப்பவர், அரங்கத்தை வாடகைக்கு விடுபவர் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். அணிகளே அதைத் தனிப் பிரிவாக வைத்து, ஆட்டம் சார்ந்த பிரிவுக்கு 'ஹாக்கி ஆபரேஷன்ஸ்' என்று தனிப் பெயர் கொடுத்திருக்கின்றன.

ஒரு காலத்தில் இந்தப் பிரிவே தேவைப்படவில்லை. 1927இல் டெட்ராய்ட்டுக்கு வந்த ஜாக் ஆடம்ஸ் இருபது வருடம் பயிற்றுநரும் மேலாளரும் அவரேதான். பிறகு பயிற்சியை விட்டுவிட்டு மேலாண்மையை மட்டும் 1960களின் தொடக்கம் வரை பார்த்தார். மேலாளர் நாற்காலியில் அவ்வளவு காலம் இருந்தவர் பெயரில் இன்று கொடுக்கும் விருது சிறந்த பயிற்றுநருக்கு. வேடிக்கைதான்.

என் கருத்து இது: சொல்லை அவர்கள் உட்காரும் அறையிலிருந்து எடுக்காமல் அவர்கள் செய்யும் வேலையிலிருந்து எடுப்போம். வேலை அணியை ஆக்குவது. ஆகவே வேலைக்கு அணியாக்கம், அந்தப் பிரிவுக்கு அணியகம். செயலகம், தலைமையகம் போல.

சாம் பாலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 முதல் 1978 வரை மான்ட்ரியால் கனேடியன்ஸின் பொது மேலாளர். அந்தக் காலத்தில் ஒன்பது கோப்பைகள். 1971 தெரிவில் ('டிராஃப்ட்': இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்வது) கி லஃப்லர் முதலிடத்தில் போவார் என்பது முன்கூட்டியே தெரிந்த சங்கதி. கடைசியாக வரும் அணிக்குத்தான் முதல் தெரிவு. பாலக் 1970லேயே, தேறாது என்று அவர் கணித்த கலிஃபோர்னியா அணியிடமிருந்து அதன் அடுத்த வருட முதல் சுற்றுத் தெரிவைப் பரிமாற்றத்தில் வாங்கி வைத்துக்கொண்டார். பருவத்தின் நடுவில் பார்த்தால், கலிஃபோர்னியாவை விட லாஸ் ஏஞ்சலிஸ் மோசமாக ஆடிக்கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கடைசிக்குப் போனால் வாங்கிய தெரிவு முதலாவதாக இருக்காது. ரால்ஃப் பேக்ஸ்ட்ரம் என்ற நல்ல ஆட்டக்காரரை லாஸ் ஏஞ்சலிஸுக்கே அனுப்பினார். அவர்கள் மேலே ஏறினார்கள், கலிஃபோர்னியா அடியில் தங்கியது, லஃப்லர் மான்ட்ரியாலுக்கு வந்தார். பேக்ஸ்ட்ரம் பரிமாற்றத்துக்குக் காரணமே இதுதான் என்று இன்றும் ஹாக்கி ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். இதைச் செய்தவரை 'நிர்வாகி' என்று எழுதினால் சப்பென்று இருக்காதா?

> அணியாக்கம் என்றால் 'டீம் பில்டிங்' ஆகிவிடும். எங்கள் அலுவலகத்தில் வருடம் ஒருமுறை பண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கயிறு இழுக்க வைப்பார்கள்.

சிரித்துவிட்டேன் அக்கா. அதற்குக் 'குழுப்பிணைப்பு' என்ற சொல் இருக்கிறது. இல்லாவிட்டாலும் நீங்கள் கயிறு இழுக்கப் போனதால் ஆட்கள் யாரும் மாறவில்லை. இங்கே ஆட்களே மாறுகிறார்கள்.

அடுத்து 'ஸ்கவுட்'. ஆள்தேடுநர், திறன்காணுநர், வேவர் என்று மூன்று வந்திருக்கின்றன. வேவர் ஒற்றனை நினைவூட்டுகிறது. நான் நோட்டக்காரர் என்பேன். பழைய நாளில் காசின் மாற்றுப் பார்ப்பவருக்கு நோட்டக்காரர் என்று பெயர். காசைக் கையில் வாங்கி, தட்டிப் பார்த்து, நல்லது கெட்டது சொல்கிறவர். ஊர் ஊராகப் போய்ச் சில்லிட்ட அரங்கத்தில் பதினேழு வயதுப் பையன்கள் ஆடுவதை நோட்டுப் புத்தகத்தோடு பார்க்கிற ஆளும் அதைத்தான் செய்கிறார். ஹக்கன் ஆண்டர்சன் டெட்ராய்ட்டின் ஐரோப்பிய நோட்டக்காரர். 1998இல் 171ஆவது தெரிவில் பாவெல் டாட்சுக், 1999இல் 210ஆவது தெரிவில் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க். இரண்டு பேரையும் மற்ற அணிகள் எல்லாம் பார்த்துவிட்டு, அல்லது பார்க்காமலே, விட்டுவிட்டன.

ஒரு முழுக் குறிப்பை எழுதிப் பார்த்தால்தான் சொல் நிற்குமா விழுமா என்று தெரியும்:

"கென் ஹாலண்ட் கோல்காப்பாளர். என்எச்எல்லில் நான்கே ஆட்டம். 1985இல் ஆட்டத்தை விட்டதும் டெட்ராய்ட் அணியகத்தில் மேற்குக் கனடா நோட்டக்காரராகச் சேர்ந்தார். இளையர் நோட்டப் பிரிவின் இயக்குநர், உதவி மேலாளர் என்று படிப்படியாக ஏறி 1997இல் அணியாக்க மேலாளரானார். 1998, 2002, 2008 கோப்பைகள். 2019இல் எட்மன்டன் போனார்."

எனக்கு இது தடங்கலில்லாமல் ஓடுகிறது. உங்கள் காதுக்கு எப்படி?

'பொது மேலாளர்' பற்றி: வங்கியிலும் ரயில்வேயிலும் போக்குவரத்துக் கழகத்திலும் உட்கார்ந்திருப்பவர் அவர். வெறும் 'மேலாளர்' என்றால் ஆங்கிலேயக் கால்பந்துக்காரர்கள் பயிற்றுநரைச் சொல்கிறோம் என்பார்கள். அதனால் அணியாக்க மேலாளர். அவருக்கும் மேலே ஒருவர் வந்துவிட்ட காலம் இது. மான்ட்ரியாலில் ஜெஃப் கோர்ட்டன் மேலே, கென்ட் ஹியூஸ் கீழே. மேலே இருப்பவர் அணியாக்கத் தலைவர். கைல் டூபாஸ் போல இரண்டையும் ஒருவரே வைத்திருந்தால் இரண்டையும் எழுதிவிடலாம். 25 வயதில் சூ செயின்ட் மரீ என்ற சிறு நகரத்தின் இளையர் அணிக்கு மேலாளரானவர், 2018இல் டொராண்டோவுக்கு மேலாளராக, 2023இல் பிட்ஸ்பர்க்குக்குத் தலைவராக.

அன்புடன்.

———

நாகர்கோவிலிலிருந்து:

அணியகம் சரி. அதற்கு நான் வேறொரு காரணமும் சொல்வேன். எங்கள் கடற்கரையில் வள்ளத்தின் முன்பக்கத்துக்குப் பெயர் அணியம். ஃப்ரண்ட் வேண்டும் என்று அழுதவர்களுக்கு அதுவும் உள்ளே கிடைத்துவிட்டது.

ஆனால் நோட்டக்காரர் எனக்குப் பிடிக்கவில்லை. 'வீட்டை நோட்டம் விட்டான்' என்றால் ராத்திரி ஓட்டைப் பிரிக்கப் போகிறான் என்று பொருள். காசு பார்த்த நோட்டக்காரரை இன்று யார் கண்டார்?

———

டொராண்டோவிலிருந்து:

ஐயாமாருக்கு வணக்கம். இங்கே எங்கட பெடியள் ஹாக்கி கதைக்கும்போது 'ஜிஎம்' என்றுதான் சொல்வார்கள். அதை மாற்ற ஏலாது, மாற்றவும் தேவையில்லை. எழுத்துக்கு அணியாக்க மேலாளர், பேச்சுக்கு ஜிஎம். நோட்டக்காரர் எனக்கு வடிவாய்ப் பொருந்துகிறது.

நான் கேட்பது வேறு. இப்போது அணியகத்துக்குள் வருகிறவர்களில் பல பேர் என்எச்எல்லில் ஆடி வந்தவர்கள் இல்லை. கென்ட் ஹியூஸ் 2022 ஜனவரி வரை ஆட்டக்காரர்களின் முகவர். பாட்ரிஸ் பெர்ஜரானுக்காக எதிர்ப் பக்கத்தில் இருந்து பேரம் பேசியவர். பில் ஸிட்டோவும் முகவராக இருந்தவர்தான். 2024, 2025 இரண்டு கோப்பையும் அவருடைய ஃபுளோரிடாவுக்கு. எமிலி காஸ்டொங்கே முகவர் வேலையை விட்டு வான்கூவரில் உதவி மேலாளரானார். சட்டம் படித்து, சம்பளக் கணக்குப் பார்க்கிற ஆட்களுக்கு உங்கள் பட்டியலில் சொல் ஒன்றும் இல்லையே?

———

டொராண்டோத் தம்பி கேட்டது நல்ல கேள்வி. அதற்கே முதலில் போகிறேன்.

2004-05 பருவம் முழுக்கக் கதவடைப்பில் போனது. அது முடிந்து வந்த ஒப்பந்தத்தில்தான் அணிக்குச் சம்பள உச்சவரம்பு வந்தது. முதல் வருடம் 3.9 கோடி டாலர், 2025-26இல் 9.55 கோடி. 'உச்சவரம்பு' நமக்குப் புதிதில்லை, நில உச்சவரம்புச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். அதில் எப்படி நிலத்தைப் பேரன் பெயரிலும் அறக்கட்டளை பெயரிலும் எழுதி வைத்தார்களோ அப்படி இங்கேயும் வழி கண்டுபிடிக்க ஆள் வந்தார்கள். அவர்களுக்கு வரம்புக் கணக்கர்.

ஜூலியன் ப்ரீஸ்பாவின் கதையை இந்தச் சொல் இல்லாமல் எழுத முடியாது. வழக்குரைஞர். மான்ட்ரியால் அணியகத்துக்கு வந்து, 2010இல் டெட்ராய்ட்டின் பழைய கேப்டன் ஸ்டீவ் ஐசர்மன் டாம்பா பேவுக்கு மேலாளராகப் போனபோது அவரிடம் உதவி மேலாளராகச் சேர்ந்தார். டாம்பாவின் நாற்றங்கால் அணியை ('ஃபார்ம் டீம்', அதாவது வளரும் ஆட்டக்காரர்களைப் பழக்கும் கீழ்நிலை அணி என்பதற்கு இந்தச் சொல்லை இரண்டு மாதம் முன்பே ஒத்துக்கொண்டோம்) ப்ரீஸ்பா கையில் கொடுத்தார்கள். அந்த நார்ஃபோக் அணி 2012இல் தொடர்ந்து 28 ஆட்டம் வென்று தன் லீகின் கோப்பையும் எடுத்தது. அதன் பயிற்றுநர் ஜான் கூப்பர்தான் இன்றும் டாம்பாவின் பயிற்றுநர். 2018இல் ஐசர்மன் விலகியதும் மேலாளர் ப்ரீஸ்பா. 2020இலும் 2021இலும் கோப்பை.

2021இல் நடந்ததுதான் கணக்கு. நிக்கிதா குச்செரோவ் அறுவைசிகிச்சைக்குப் பின் பருவம் முழுவதும் ஆடவில்லை. நீண்டகாலக் காயப் பட்டியலில் இருப்பவரின் சம்பள அளவுக்கு அணி வரம்பைத் தாண்டிச் செலவழிக்கலாம் என்பது அன்றைய விதி. நாக்அவுட் சுற்றில் அன்று வரம்பே கிடையாது. முதல் நாக்அவுட் ஆட்டத்தன்று குச்செரோவ் திரும்பினார். எல்லாம் விதிக்குள்தான். வென்ற பிறகு அவர் போட்டுக்கொண்ட டி-சர்ட்டில் 'வரம்புக்கு மேல் 1.8 கோடி டாலர்' என்று எழுதியிருந்தது. மற்ற அணிகள் பல்லைக் கடித்தன. 2025-26 முதல் நாக்அவுட்டிலும் வரம்பு உண்டு என்று விதி வந்துவிட்டது. ஐசர்மனை எல்லாரும் பாடுகிறோம். கோப்பை இரண்டும் வந்தது அவர் டெட்ராய்ட்டுக்குத் திரும்பிய பிறகு, வழக்குரைஞர் காலத்தில். அடித்தளம் போட்டவர் ஐசர்மன் என்பதையும் மறுக்க மாட்டேன்.

நாகர்கோவில் ஐயாவுக்கு: திருடன் 'நோட்டம் விடுகிறான்', நோட்டக்காரர் 'நோட்டம் பார்க்கிறார்'. வினை வேறு. உங்களுக்கு உறுத்தினால் அடைப்புக்குறிக்குள் திறன்காணுநர் என்று முதல் தடவை மட்டும் போடுவோம். ஆனால் ஒரு வசதியைப் பாருங்கள்: 'நோட்டக்காரர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே நிற்கிறது. கேமி கிரனாட்டோ 2019இல் சியாட்டிலில் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பார்க்கும் நோட்டக்காரரானார்; என்எச்எல்லில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண். 2022இல் வான்கூவரில் உதவி மேலாளர். முதல் பெண் உதவி மேலாளர் அவரல்ல. ஏஞ்சலா கோர்கோன் 1996இலேயே அனஹைமில் அந்த நாற்காலியில் இருந்தார். நம் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சேர்க்க வேண்டும்.

அணியகம், அணியாக்கம், அணியாக்க மேலாளர், அணியாக்கத் தலைவர், வரம்புக் கணக்கர் ஐந்தையும் பொதுப் பட்டியலில் ஏற்றுகிறேன். நோட்டக்காரரை ஒரு கேள்விக்குறியோடு ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். 'உதவி மேலாளர்', 'இணை மேலாளர்' இரண்டையும் சிலர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். சில அணிகளில் இரண்டு பதவியும் ஒரே சமயத்தில் இருக்கின்றன, இணை மேலாளர் ஒரு படி மேலே. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இதில் பதில் போட வேண்டாம்.