ஆறு ரவுண்டு குத்துச்சண்டை வந்திருக்கிறது, ஆனால் ஊக்கமருந்துச் சோதனை இல்லை. ஒப்புக்கொள்ளலாமா?

இடதுகைக்காரன் (குளச்சல் பக்கம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 24. குளச்சல் பக்கத்தில் கடற்கரை ஊர், அப்பா வள்ளத்தில் போகிறவர். பதின்மூன்று வயதில் கிளவுஸ் மாட்டினேன். அமெச்சூரில் மாநிலப் போட்டி வரை போனேன். புரொபஷனலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நான்கு சண்டை, எல்லாமே நான்கு ரவுண்டு, மூன்றில் ஜெயித்தேன். இப்போது முதல்முறையாக ஆறு ரவுண்டு சண்டை ஒன்று வந்திருக்கிறது. எடை 63.5 கிலோ, வெளிமாநிலத்தில், இன்னும் பத்து வாரத்தில். பணம் இதுவரை வாங்கியதற்கு இரண்டு மடங்கு.

எதிராளி தெரிந்தவன்தான். மூன்று வருடம் முன்பு அமெச்சூரில் அவனோடு ஆடியிருக்கிறேன். நல்ல கை. ஆனால் இரண்டாவது ரவுண்டு முடியும்போதே வாயைத் திறந்து மூச்சு வாங்குவான், மூன்றாவதில் கை கீழே இறங்கிவிடும். போன மாதம் ஒரு பயிற்சி முகாமில் பார்த்தேன். எடை அதேதான், ஆனால் கழுத்தும் தோளும் வேறு யாருடையதோ போல இருந்தன. முதுகு முழுக்கப் பரு. எட்டு ரவுண்டு ஸ்பாரிங் முடித்துவிட்டு ஸ்டூலில்கூட உட்காராமல் நின்றபடியே தண்ணீர் குடித்தான். வாயைத் திறக்காமல் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பாட்டிலைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி நடுக்கம் இல்லை.

உழைத்திருக்கலாம். மூன்று வருடம் சின்னக் காலம் இல்லை. அதனால்தான் இதை யாரிடமும் பேசாமல் இங்கே வந்து கேட்கிறேன்.

போட்டி நடத்துகிறவரிடம் ஊக்கமருந்துச் சோதனை உண்டா என்று கேட்டேன். "எல்லா டெஸ்டும் உண்டு தம்பி" என்றார். தாளை வாங்கிப் பார்த்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ், கண், இ.சி.ஜி. அவ்வளவுதான். ரிங்கில் ஒருவர் ரத்தம் இன்னொருவர் மேல் படும் என்பதற்காகவும், இதயமும் கண்ணும் தாங்குமா என்று தெரிந்துகொள்ளவும் எடுப்பவை இவை. வீட்டில் அம்மாகூட "ரத்தம் எடுத்தாச்சே, அப்புறம் என்ன?" என்கிறார்.

உண்மையான சோதனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அமெச்சூரில் ஒரு முறை என்னைக் கூப்பிட்டார்கள். சண்டை முடிந்து ரிங்கை விட்டு இறங்கியதும் ஒருவர் வந்து பெயரைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். அந்த நிமிடத்திலிருந்து என்னை விட்டு அசையவில்லை. சிறுநீர் குறைந்தது 90 மில்லி வேண்டும். எடை குறைப்பதற்காக முந்தின நாள் முழுக்க எச்சில்கூட விழுங்காத உடம்பு, எங்கிருந்து வரும்? சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் நாலு காலியானது. இரண்டே கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது, அதுவும் அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்க. பிறகு ஏ, பி என்று இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் நானே ஊற்றி நானே மூடியைத் திருகினேன். கடகடவென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அந்த மூடியைக் கையால் திறக்க முடியாது. கடைசி ஏழு நாளில் சாப்பிட்ட மருந்தையெல்லாம் எழுதச் சொன்னார்கள். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று அப்படி ஒரு ஆள் வந்து நிற்கமாட்டாரா என்று இருக்கிறது.

தோற்பது எனக்குப் பயம் இல்லை. ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் மருந்து போட்டால் எனக்கு முன்னால் ஓடிப்போவான், வீட்டுக்கு வந்து அழலாம். இங்கே அவன் என் மண்டையில் அடிப்பான்.

சோதனை வேண்டும் என்று என்னைப் போல நான்கு சண்டை ஆடியவன் கேட்க முடியுமா? கேட்டால் சண்டையே கைவிட்டுப் போகுமா? இன்னொன்று, தோளில் பிடிப்பு வந்தால் வர்மம் தடவும் ஆசான் ஒரு லேகியம் தருகிறார், காலையில் சாப்பிடுகிறேன். நாளைக்கு எனக்கே சோதனை வந்தால் அதனால் சிக்கல் வருமா?

வடசேரி பழைய கோச்:

தம்பி, முதலில் ஒன்று. அவன் பெயரை எங்கேயும் எழுதாதே, வாட்ஸ்அப் குரூப்பில்கூட வேண்டாம். முதுகில் பரு 24 வயதுப் பையன் யாருக்கும் வரும். மூச்சு வாங்காமல் தாக்குப்பிடிப்பதற்கு ஒழுங்கான கோச் கிடைத்தாலே போதும். நான் பயிற்சி கொடுத்த ஒரு பையன் ஒரே வருடத்தில் ஆள் மாறிப் போனான். காரணம் என்ன தெரியுமா, ரப்பர் பால் வெட்டப் போகிற வேலையை விட்டுவிட்டு ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்தான். ஊரில் அவனையும் மருந்து என்றுதான் பேசினார்கள். அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஆனால் சோதனை கேட்பதில் தப்பே இல்லை. அவன் மேல் சந்தேகம் என்று கேட்காதே. "இரண்டு பேருக்கும் எடுங்கள், என்னை முதலில் எடுங்கள்" என்று கேள்.

மார்த்தாண்டம் ராத்திரி ரசிகன்:

மக்கா, உன் பதிவை மூன்று முறை படித்தேன். இருபது வருடம் வளைகுடாவில் வேலை. அங்கே இருந்த காலம் முழுக்க விடிய விடியச் சண்டை பார்த்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீ ஆடுகிற அதே 63.5 கிலோ. 2024 ஏப்ரல் 20, நியூயார்க் புரூக்ளின். ரயன் கார்சியாவும் டெவின் ஹேனியும். கார்சியா எடை போடும்போதே மூன்று பவுண்டுக்கு மேல் கூடுதல், ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள். மறுநாள் ஹேனியை மூன்று முறை கீழே தள்ளி ஜெயித்தான். அதற்கு முன் தோல்வியே காணாதவன் ஹேனி. சண்டைக்கு முந்தின நாளும் சண்டை அன்றும் எடுத்த மாதிரிகளில் தசையைக் கூட்டும் ஆஸ்டரின் என்ற மருந்து இருந்தது என்ற செய்தி வந்தது எப்போது? மே மாதம் பிறந்த பிறகு. கலப்படமான சப்ளிமென்ட் என்றான் கார்சியா. சண்டைகளைக் கண்காணிக்கிற நியூயார்க் மாநிலக் கமிஷன் ஒரு வருடம் தடை போட்டது, சம்பளமாக வாங்கிய 11 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்டச் சொன்னது, முடிவையும் அழித்தது. ஏட்டில் அந்தத் தோல்வி இன்று இல்லை. தலையில் வாங்கிய அடியை எந்தக் கமிஷன் அழிக்கும்? எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

அதனால் சோதனை உண்டா என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிய கேள்வி. சண்டை அன்று மட்டும் எடுத்தால், முகாமில் போட்டது அதற்குள் உடம்பை விட்டுப் போயிருக்கலாம், பலம் மட்டும் தங்கியிருக்கும். முகாம் நாட்களில் சொல்லாமல் வந்து கதவைத் தட்ட வேண்டும். அதைச் செய்வதற்குத்தான் லாஸ் வேகாசில் ரிங் டாக்டராக இருந்த மார்கரெட் குட்மேன் வாடா என்ற அமைப்பை 2011இல் தொடங்கினார் (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கும் வாடா என்றுதான் பெயர், அது வேறு, இது அமெரிக்காவில் குத்துச்சண்டைக்காரர்கள் தாங்களாகச் சேர்வது). உலகப் பட்டம் கொடுக்கிற அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. 2016 முதல் தன் சாம்பியன்களையும் ஒவ்வொரு எடையிலும் முதல் 15 இடத்தில் இருப்பவர்களையும் அதில் சேர்த்தது. 15க்குக் கீழே இருக்கிறவன் நிலைமை? நீ கேட்பதுதான்.

முன்னாலேயே பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2019இல் ஆண்டனி ஜோஷுவாவோடு ஆட இருந்த ஜாரல் மில்லர் மாதிரிகளில் ஒன்றல்ல, மூன்று மருந்து அகப்பட்டது. அதில் ஒன்று ரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் ஈ.பி.ஓ. சண்டைக்குச் சில வாரமே இருக்கும்போது அவனை நீக்கிவிட்டு ஆன்டி ரூயிசைக் கூப்பிட்டார்கள். ஜூன் 1 அன்று ரூயிஸ் நான்கு முறை ஜோஷுவாவைத் தரையில் போட்டு ஏழாவது ரவுண்டில் ஜெயித்தான். அது வேறு கதை, ஆனால் அன்று ஜோஷுவா வாங்கிய அடி எல்லாம் நேர்மையான கையிலிருந்து வந்தது.

பிடித்தும் குழப்பம் தீராத கதையும் சொல்கிறேன். 2022 அக்டோபர் 8, லண்டனில் கோனர் பென், கிறிஸ் யூபேங்க் ஜூனியர். வாடா எடுத்த மாதிரியில் பென்னுக்குக் குளோமிஃபீன் காட்டியது. பெண்களுக்குக் கருத்தரிக்கக் கொடுக்கிற மருந்து, ஆண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும். பிரிட்டனின் சொந்த ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு எடுத்த சோதனையில் அவன் சுத்தம். அதைப் பிடித்துக்கொண்டு நடத்துகிறவர்கள் சண்டையை நடத்தியே தீர்வது என்று நின்றார்கள். பிரிட்டிஷ் குத்துச்சண்டை போர்டு தடுத்தது, இரண்டு நாள் முன்னால்தான் சண்டை நின்றது. பென் தான் குற்றமற்றவன் என்று விடாமல் சொன்னான், இரண்டு வருடம் போராடினான், 2024 நவம்பரில் வழக்கு அவன் பக்கம் முடிந்தது. 2025 ஏப்ரலில் அதே யூபேங்கோடு ஆடித் தோற்றான். யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சோதனை எடுப்பதோடு வேலை முடியாது, காட்டினால் அடுத்து என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். உன் தாளில் அந்த வரியையும் கேள்.

சந்தேகத்தைப் பற்றி கோச் அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. பிலிப்பைன்ஸ்காரன் பக்கியாவோ எடைப் பிரிவு ஏறி ஏறி ஜெயித்தபோது அமெரிக்காவின் மேவெதர் தரப்பு ரத்தச் சோதனை கேட்டது. தேதி விஷயத்தில் ஒத்துவராமல் 2010இல் பேச்சு முறிந்தது. மருந்து என்று பேசியதற்காகப் பக்கியாவோ அவதூறு வழக்குப் போட்டு 2012இல் சமரசம் ஆனது. கடைசியில் சண்டை நடந்தது 2015 மே 2. ஒருவருக்கு 38, மற்றவருக்கு 36. பக்கியாவோ ஒரு சோதனையிலும் சிக்கியதில்லை. அந்த ஐந்து வருடத்தை நாங்கள் ரசிகர்கள் திரும்பப் பெறவே இல்லை.

தக்கலை மருந்துக்கடை:

தம்பி, மருந்துக்கடையில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

விதி இதுதான்: உடம்பில் அகப்பட்டால் பொறுப்பு உங்களுடையது. தெரியாமல் சாப்பிட்டேன் என்றால் தண்டனை குறையலாம், குற்றம் போகாது. ஸ்டீராய்டு வகை என்றால் நான்கு வருடம் வரை தடை. அதனால் எதிராளி முதுகைப் பார்த்த அளவுக்கு உங்கள் வீட்டு அலமாரியையும் பாருங்கள்.

நம் ஊரில் மழை பிடித்தால் இருமல். கடைக்கு வந்து "சளி இளக ஒரு சிரப்" என்பார்கள். நம் நாட்டில் விற்கிற பல இருமல் சிரப்பில் டெர்பூட்டலின் இருக்கிறது, மூச்சுக்குழாயை விரிப்பது. அது போட்டி நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும் தடை. லேபிளில் சின்ன எழுத்தில்தான் இருக்கும். அப்புறம் எடை குறைப்பதற்கு நீர் போகிற மாத்திரை, ஃபுரோசமைடு. பையன்கள் வந்து கூசாமல் கேட்கிறார்கள். அதுவும் எல்லா நாளும் தடை, ஏனென்றால் மற்ற மருந்தின் தடயத்தையும் அது கரைத்து மறைக்கும். அதைவிட எனக்குப் பெரிய கவலை, நீர் வற்றிய உடம்போடு ஒருவன் தலையில் அடி வாங்குவது.

ஜிம் பையன்கள் கேட்டு வருகிற ஊசி ஒன்று உண்டு, மெஃபென்டர்மின். மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்யும்போது ரத்த அழுத்தம் விழுந்தால் டாக்டர் போடுவது. நெஞ்சு படபடவென்று அடிப்பதை இவர்கள் பலம் என்று நினைக்கிறார்கள். சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. போன வருடம் ஒரு பையன் என்னோடு சண்டைக்கே வந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் அப்பா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

லேகியத்தைப் பற்றி: ஆசான் நல்லவராக இருப்பார். ஆனால் அதில் என்னென்ன சேர்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? லேபிள் இல்லாத எதற்கும் சோதனைச்சாலையில் பதில் சொல்ல முடியாது. 2023இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 3.8 சதவீதத்தில் தடைசெய்த பொருள் காட்டியது, அவ்வளவு சோதனை எடுத்த நாடுகளில் நாம்தான் மோசம். அதில் வேண்டுமென்றே போட்டவன் எத்தனை, என்ன விழுங்குகிறோம் என்று தெரியாதவன் எத்தனை என்று நினைத்துப் பார்ப்பேன். நம் நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' என்ற செயலி இருக்கிறது. இங்கிலீஷ் மருந்தின் பெயரைப் போட்டால் தடையா இல்லையா என்று சொல்லும். லேகியத்துக்கு அது உதவாது. ஆசானிடமே கேளுங்கள்.

இடதுகைக்காரன் (குளச்சல் பக்கம்):

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் தாமதம், மன்னிக்கவும். சாளை நல்ல பாடு, அப்பாவோடு கரையில் நிற்க வேண்டியிருந்தது.

கோச் அண்ணன் சொன்னபடியே பேசினேன். "என்னை முதலில் எடுங்கள்" என்றதும் போட்டி நடத்துகிறவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. செலவு அதிகம் என்றார். என் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். முகாமில் ஒரு முறை, சண்டை அன்று ஒரு முறை, இரண்டு பேருக்கும், காட்டினால் சண்டை இல்லை. இதை எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். எதிராளியிடம் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார். அவன் சரி என்று சொல்லிவிட்டால் நான் மனதுக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அப்படி நடக்க வேண்டும் என்றுதான் இப்போது ஆசைப்படுகிறேன்.

லேகிய டப்பாவை எடுத்துக்கொண்டு ஆசான் வீட்டுக்குப் போனேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். திண்ணையில் உட்காரச் சொல்லி, "எழுதிக்கோடே" என்று விரலை மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். சுக்கு, திப்பிலி, அமுக்கிரா, கருப்பட்டி என்று பதினொன்று வந்தது. பன்னிரண்டாவது ஒரு பொடி, அதைத் தான் அரைப்பதில்லை, வெளியிலிருந்து வாங்குவதாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். டப்பாவை என் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். "சண்டை முடியட்டும், அதுவரைக்கும் எண்ணெய் மட்டும் போதும்" என்றார்.

தக்கலை மருந்துக்கடை:

அந்தப் பன்னிரண்டாவது பொடியின் பாக்கெட்டில் ஏதாவது எழுதியிருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது, உட்கார்ந்து பார்க்கிறேன்.