போலோவை 30 மி.மீ. மட்டும் இறக்க எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் வாங்கலாம்?

கோவை_டிடிஐ:
வணக்கம் நண்பர்களே. என் வண்டி 2016 ஃபோக்ஸ்வாகன் போலோ 1.5 டிடிஐ டீசல் கார், 92,000 கி.மீ. ஓடிவிட்டது, டயர் கம்பெனி அளவான 185/60 ஆர்15 தான். முன்சக்கரத்துக்கும் பெண்டருக்கும் நடுவில் நான்கு விரல் தாராளமாக நுழைகிறது, பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்துகிறது. கோத்தகிரி வளைவுகளில் வண்டி சாய்வதும் பிடிக்கவில்லை. தரையோடு ஒட்ட வைக்கும் ஆசையெல்லாம் இல்லை, 30 மி.மீ. இறங்கினால் போதும், அம்மா அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. வண்டியைத் தாழ்த்துகிற ஐபாக் ப்ரோ கிட் ஸ்பிரிங் மட்டும் வாங்கி இருக்கிற ஷாக்கிலேயே மாட்டலாமா, இல்லை காயில்ஓவரே (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டுவிடலாமா? பக்கத்து மெக்கானிக் பழைய ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டித் தருகிறேன் என்கிறார், செலவும் குறைவு.

மலைப்பாதை:
வெட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். என் பழைய வண்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெட்டிக் கொடுத்தார்கள், அப்புறம் ஒருநாள் பஞ்சர் பார்க்க ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் கையால் தள்ளினாலே லொடலொடவென்று ஆடுகிறது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் ஸ்பிரிங் இறுக்கமாகத் தன் தட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இடம் மாறிவிடும். குழந்தைகளை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிந்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. காயில்ஓவரும் உங்களுக்குத் தேவைப்படாது, உயரத்தை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்குத்தான் அது. தவிர அதன் மரையில் மண்ணும் மழைத்தண்ணீரும் சேர்ந்து இறுகிவிட்டால் அப்புறம் திருகவே வராது.

ஷாக்பைத்தியம்:
அண்ணா சொன்னது சரி. நான் சொல்ல வருவது வேறு ஒன்று, இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. ஸ்பிரிங் பெட்டியில் 30 மி.மீ. என்று போட்டிருப்பது ஐரோப்பியப் போலோவின் உயரத்திலிருந்து கணக்கிட்டது. நம் ஊர்ப் போலோவை இங்குள்ள சாலைக்காக உயர்த்தித்தான் விற்றார்கள். அதனால் அதே ஸ்பிரிங்கை இங்கே மாட்டினால் 30-ஐத் தாண்டித்தான் இறங்கும். உங்களுக்கு வேண்டிய அளவுக்கு ஐரோப்பியச் சாதாரண உயர ஸ்பிரிங்கே கிட்டத்தட்ட வந்துவிடலாம், முதலில் அதைத் தேடுங்கள். டீசல் இன்ஜின் கனம், ஆகவே முன் ஆக்சில் எடையைச் சொல்லிக் கேளுங்கள். பெட்ரோல் வண்டி ஸ்பிரிங்கை மாட்டினால் மூக்கு இன்னும் குத்திக்கொண்டு நிற்கும்.

ஷாக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 92,000 ஓடிய ஷாக் எப்படியும் தளர்ந்திருக்கும், அதன் மேல் விறைப்பான புது ஸ்பிரிங் போட்டால் அடக்க ஆள் இல்லாமல் வண்டி குதிக்கும். சாதாரண உயரத்துக்குப் பில்ஸ்டீன் கம்பெனி ஷாக்கில் பி4 போதும், இன்னும் பிடிப்பு வேண்டுமென்றால் பி6. ப்ரோ கிட் போட்டே தீருவேன் என்றால் பி8, அதுதான் தாழ்ந்த ஸ்பிரிங்குக்காக நீளம் குறைத்துச் செய்தது. பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது தாங்குகிற தடுப்பு), டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையை பாடியோடு பிடிக்கிற பாகம்), அதன் பேரிங் எல்லாவற்றையும் இதோடு புதிதாகப் போட்டுவிடுங்கள், இதற்காக இன்னொரு தடவை எல்லாவற்றையும் கழற்றக் கூடாது.

சாலையோரம்:
ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொண்டு பணத்தைப் போடுங்கள். அப்புறம் வேகத்தடை. விதிப்படி கட்டினால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், ஆனால் உங்கள் தெருவில் இருப்பது அப்படியா என்று பாருங்கள்.

கோவை_டிடிஐ:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்து சக்கர நடுவிலிருந்து பெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்தேன், அப்புறம் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையும் ஏற்றி மறுபடி அளந்தால் பின்பக்கம் 4 செ.மீ. இறங்கியிருக்கிறது! வெறும் வண்டியை மட்டும் பார்த்து முடிவெடுத்திருப்பேன். வெட்டுவதும் இல்லை, ப்ரோ கிட்டும் இல்லை. ஆர்டிஓவில் கேட்டுவிட்டு ஐரோப்பிய ஸ்பிரிங், பி6 என்று போகிறேன். மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஷாக்பைத்தியம்:
சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற கீழ் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுக்க விடாதீர்கள், சக்கரம் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். ஒரு வாரம் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு அலைன்மென்ட், அன்றைக்கே ஹெட்லைட்டையும் சரிபாருங்கள். மறுபடி அதே அரிசி மூட்டையோடு அளந்து இங்கே போடுங்கள்.